யானைமலை தூக்கிய பாலம்

சூப்பர் ஹீரோ சாகமாட்டான். எங்கள் விளையாட்டில் அதுதான் முதல் விதி. செத்தது போல இருக்கும். ஆற்றில் விழுவான், மேலே கட்டடம் இடிந்து விழும், கூட இருப்பவர்கள் கதறுவார்கள். நாலு ஞாயிறு கழித்து ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து நிற்பான். உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஆள் சாகவில்லை என்று அர்த்தம். தங்கப்பாண்டி விஷயத்தில் உடம்பு கிடைத்துவிட்டது. தத்தனேரி சுடுகாடு வரைக்கும் நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

இதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஜெய்சன். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கோச்சடையில் வீடு. எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் மாடி அறையில் நாலு பேர் கூடிக் கதை விளையாடுவோம். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மேசை, ஆளுக்கொரு தாள், ஏழெட்டுப் பகடை, அவ்வளவுதான். மற்ற மூவரும் சூப்பர் ஹீரோக்கள். நான் கதை நடத்துகிறவன். வில்லன், போலீஸ், பொதுஜனம், டீக்கடைக்காரர் எல்லாம் நானே. "இப்படி நடக்குது, நீ என்ன செய்ற?" என்று கேட்பேன். அவர்கள் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

இந்த விளையாட்டில் ஹீரோக்கள் சில ரகம்தான். வேகமாக ஓடுகிறவன், பறக்கிறவன், மனசைப் படிக்கிறவள், கருவி செய்கிறவன், அப்புறம் பலசாலி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாரும் தன்னைப் போல ஓர் ஆளை எடுப்பதில்லை. பழங்காநத்தத்தில் செல்போன் பழுது பார்க்கும் ராம்கி ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான். அவன் எடுத்தது மின்னல் வேகக்காரன், பெயர் சிட்டு. இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ரோகிணிக்குத் தன் வீட்டுக்காரர் கோபத்தில் இருக்கிறாரா பசியில் இருக்கிறாரா என்றே இன்று வரை பிடிபட்டதில்லை, அவளே சொல்வாள். அவள் எடுத்தது மனசைப் படிக்கிறவள், பெயர் கண்ணாடி. தங்கப்பாண்டி மட்டும் தன்னையே எடுத்தான். பலசாலி. பெயர் யானைமலை.

அவனும் நானும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். ஆறடி ஆள். விடியற்காலை மூன்று மணிக்கே போய்விடுவான். கடைக்கு வருகிற பூ மூட்டையை ஆள் வைத்து இறக்கமாட்டான், தானே தோளில் ஏற்றி இறக்குவான். "இவன் ஒருத்தன் இருக்க லோடுமேன் எதுக்கு" என்று பக்கத்துக் கடை சோணை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

பலசாலி என்றால் அடிக்கிறவன் என்று விளையாடாதவர்கள் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. பலசாலியின் வேலை அடி வாங்குவது. முன்னால் போய் நின்று, மற்றவர்களுக்கு விழ வேண்டியதையும் சேர்த்து வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு சண்டையிலும் தங்கப்பாண்டி முதலில் சொல்வது இதைத்தான்: "மாப்ள, அதை எம்மேல வையி. நான் தாங்குறேன்."

ஹீரோவைக் கட்டிப்போட்ட வில்லன் உடனே கொல்லக் கூடாது, நீளமாகப் பேச வேண்டும், அதற்குள் ஹீரோ கட்டை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் ஒரு வழக்கம். என் வில்லன் வறட்சிராஜன் வாயைத் திறந்ததும் தங்கப்பாண்டி முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பான். "நீ பேசு மாப்ள, நான் கடிச்சுக்கிட்டே கேக்குறேன்" என்பான். வறட்சிராஜன் வைகையை ஒரே மடக்கில் குடித்துவிடப் போகிறான் என்று ஒரு தடவை மிரட்டினேன். "எந்த வருசம்ணே? தண்ணி வர்ற வருசமாப் பாத்துக் குடிக்கச் சொல்லுங்க" என்றான் ராம்கி. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வறட்சிராஜன் பேச வந்ததையே மறந்துவிட்டான்.

இனி நான் சொல்லப் போவதுதான் விஷயம். ஹீரோ எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் அவனுக்கு ஒரு பலவீனம் இருக்க வேண்டும். ஒரு கல்லோ, ஒரு நிறமோ, ஒரு சத்தமோ. அது இல்லாமல் கதை நகராது. எங்கள் மேசையில் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தோம். புதுக் கதை தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் ஹீரோவின் பலவீனத்தை ஒரு சீட்டில் எழுதி மடித்து என்னிடம் தர வேண்டும். நான் மட்டும் படிப்பேன். மற்றவர்களுக்குத் தெரியாது. உறையில் போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பேன். அந்த ஹீரோவின் கதை எப்போது முடிகிறதோ அன்றைக்கு டப்பாவைத் திறந்து எல்லோர் முன்னாலும் சீட்டை வாசிப்போம்.

தை மாதம் புதுக் கதை தொடங்கினோம். தங்கப்பாண்டி கொடுத்த சீட்டில் இப்படி இருந்தது: 'படி ஏறினால் இடது கையில் வலி வரும். நெஞ்சை அடைக்கும். யாரிடமும் சொல்லமாட்டான்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று காலையிலிருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. அதை எடுத்துச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்: '3/10. சப்பை. ஹீரோ மாதிரி எழுதவும்.' அவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போய் அந்தச் சீட்டை அவன் கையிலேயே கொடுத்தேன்.

"டேய், யானைமலைக்கு இதெல்லாம் ஒரு பலவீனமாடா? ரிட்டயர்டு தாசில்தாருக்கு வர்ற வியாதி மாதிரி இருக்கு. நல்லா யோசிச்சு எழுது."

அவன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "வாத்தியார் புத்தி போகுதா பாரு. சரி மாப்ள, வேற எழுதித் தர்றேன்."

சுவரில் வைத்தே எழுதிக் கொடுத்தான். 'மல்லிகைப்பூ வாசம். மூக்கில் ஏறினால் பலமெல்லாம் போய்விடும்.' பூக்கடைக்காரன் ஹீரோவுக்கு மல்லிகை ஆகாது! நான் குதித்துவிட்டேன். அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். போட்டேன், பாருங்கள். பழைய சீட்டையும் அதே உறையில் செருகி வைத்தேன். திருத்திய தாளைக் கிழித்துப் போட எனக்கு மனசு வராது.

அதன் பிறகு ஆறு மாதம் அவன் இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கிறான். நடுப்படியில் நிற்பான். போனில் ஏதோ பார்க்கிற மாதிரி பார்ப்பான். ராம்கி மேலேயிருந்து, "அண்ணே, யானை நின்னுருச்சு, பாகனைக் கூப்புடுங்க!" என்று கத்துவான். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரித்துக்கொண்டே மிச்சப் படியை ஏறி வருவான். சீட்டும் படியும் ஒரே வீட்டில் இருந்தன. எனக்கு உறைக்கவில்லை. சூப்பர் ஹீரோவின் பலவீனம் என்றால் அது கதைக்கு எழுதியது என்று எட்டு வருஷப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தது.

ஆடி மாதத்துக் கடைசி ஆட்டம். வறட்சிராஜன் வைகைப் பாலத்தின் தூண்களை உடைத்துவிட்டான். மேலே பஸ், ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள். யானைமலை கீழே இறங்கிப் பாலத்தைத் தோளில் தாங்கி நின்றான். சிட்டு ஓடி ஓடி ஆட்களைக் கரையேற்றினான். மணி ஆறாகிவிட்டது, ரோகிணி கிளம்ப வேண்டும் என்றாள். மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அங்கேயே நிறுத்தினேன்.

தங்கப்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "பாலத்தை என் தோள்ல வச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறீங்க. நல்லா இருங்கப்பா."

புதன்கிழமை காலையில் கடையில் ஒரு மூட்டையை இறக்கினான். அதன் மேலேயே உட்கார்ந்தான். தூங்குகிறான் என்று சோணை நினைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. மாசக்கணக்கில் வலி இருந்திருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டாராம். அந்த வார்த்தையை ராம்கி என்னிடம் சொன்னபோதுதான் எனக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து டப்பாவைத் திறந்தேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அவன் மேலும் கோபம் வந்தது எனக்கு. எருமை, சொல்லத்தானே வாய் இருக்கிறது? மாப்ள, இது கதையில்லை, எனக்கேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பாய்? தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கமாட்டேனா? இப்படி நாளெல்லாம் அவனைத் திட்டினேன். திட்டி முடித்ததும் அந்த 3/10 அங்கேயேதான் இருந்தது. அவன் நிஜமாகத்தான் சொன்னானா, இல்லை விளையாட்டுக்கு எழுதினானா என்று என்னையே கேட்டு, விளையாட்டுக்குத்தான் என்று நானே பதில் சொல்லி ஒரு மாதத்தை ஓட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த வாரத்தில் அவன் மனைவி பாண்டிமீனா போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம வாரேண்ணே. நீங்க மூணு பேரும் இருங்க. ஒண்ணு கேக்கணும்."

எட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் எங்கள் மாடிக்கு வந்ததில்லை. ராம்கியையும் ரோகிணியையும் வரச் சொன்னேன். அவர்கள் வருவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து, அந்தச் சிவப்பு மைச் சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கிழித்துப் போடத் தைரியமில்லை. காட்டவும் தைரியமில்லை.

பாண்டிமீனா ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். நாலே வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். "அவரு எங்க உக்காருவாரு?" என்று கேட்டாள். ரோகிணி ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். அதில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அவனுடைய பகடைகளையும், நாலாக மடித்த யானைமலையின் தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம ஒருநாளுதான் மத்தியானம் தூங்காம இருப்பாரு. அன்னைக்கும் இங்க வந்துருவாரு. எம்புட்டுச் சண்ட போட்டிருக்கேன் தெரியுமாக்கா" என்று ரோகிணியிடம் சொன்னாள். அப்புறம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். "கேக்க வந்தத கேட்டுர்றேன். நெஞ்சு வலிக்குது, கை வலிக்குதுன்னு உங்க யார்கிட்டயாச்சும் அவரு சொன்னாரா? பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாமப் போகுமான்னு எங்க அத்தை தெனமும் கேக்குறாங்க. வாறவுக போறவுக முன்னாடியும் கேக்குறாங்க. உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருந்தா மறைக்காமச் சொல்லுங்க."

ராம்கிதான் முதலில் உடைந்தான். "சொல்லலக்கா. ஆனா நடுப்படில நிப்பாரு. நான் யானை யானைன்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். மூச்சு வாங்குதான்னு ஒரு வார்த்த கேக்கல. என்னைய செருப்பால அடிக்கணும்." முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மனசப் படிக்கிறவன்னு பேர வச்சுக்கிட்டு எட்டு வருசம் எதிர்க்க உக்காந்திருந்தேன் மீனா" என்றாள் ரோகிணி. "எனக்கு ஒண்ணுமே தெரியல."

என் முறை வந்தது. சீட்டு நெஞ்சுக்கு மேலே பையில் இருந்தது.

"இல்லம்மா. எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

பாண்டிமீனா தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தில் எதுவும் மாறவில்லை, தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. பிறகு அவள் அந்தத் தாளைப் பிரித்தாள். மேல் ஓரத்தில் தங்கப்பாண்டி ஒரு மலையை வரைந்து அதற்குக் கையும் காலும் போட்டிருந்தான்.

"இதான் அவரு ஆளா? இவரு இப்ப என்ன செய்றாரு?"

ரோகிணி பாலத்தின் கதையைச் சொன்னாள். வறட்சிராஜன் தூணை உடைத்தது, யானைமலை கீழே இறங்கித் தோள் கொடுத்தது, நாங்கள் ஆறு மணிக்கு எழுந்து போனது. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம கேம்ல யாரும் சாகமாட்டாங்கல்ல ஜெய்சன்? தங்கத்தோட ஆளு அப்படியே இருக்கட்டுமே. நீங்களே நடத்துங்க. எப்பயாச்சும் ஒரு சண்டைக்கு வந்துட்டுப் போகட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் பாண்டிமீனா கேட்டாள். "அப்ப ஒரு மாசமா அந்தப் பாலத்தைத் தூக்கிக்கிட்டே நிக்கிறாரா?"

"ஆமாக்கா" என்றான் ராம்கி.

"மேல இருந்த சனம் எல்லாம் எறங்கிருச்சா? பிள்ளைகளு?"

"எல்லாரும் கரையேறிட்டாங்கக்கா. கடைசியா ஒரு ஆட்டோ. அதையும் தள்ளி விட்டுட்டேன்." அது பொய். ஆட்டோ பாதிப் பாலத்தில் நின்றிருந்தது. நான் திருத்தவில்லை.

"அப்ப எறக்கி வச்சிரச் சொல்லுங்கண்ணே" என்றாள் என்னிடம். "போதும். எடது கை வலிக்கும்ல அவருக்கு."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். எந்தக் கை என்று ராம்கிக்குத் தெரியாது, ரோகிணிக்குத் தெரியாது. டாக்டர் வலி என்றுதான் சொன்னார். இடது கை என்பது அந்தச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பாண்டிமீனாவோ பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதிப்படி அவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைக்கப் பகடை உருட்ட வேண்டும். எட்டு வருஷத்தில் ஒரு விதியைக்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு விட்டேன்.

"யானைமலை பாலத்தை மெதுவா மணல்ல எறக்கி வைக்கிறான்" என்றேன். "தோளை ஒருதரம் தடவிக்கிறான். கரையில ஏறிப் போறான். அவன் கதை முடிஞ்சுது."

ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராம்கி மூக்கை உறிஞ்சிவிட்டு, யாரும் கேட்காமலேயே எழுந்து அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். "கதை முடிஞ்சா சீட்ட வாசிக்கணும்ணே. அண்ணன் என்ன எழுதுனாருன்னு அக்காவும் கேக்கட்டும்."

இதோ, நானே வைத்த முறை என்னிடமே திரும்பி வந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். பைக்குள் கையை விட்டிருந்தால் போதும். நான் உறையைப் பிரித்து உள்ளே இருந்த சீட்டை வாசித்தேன். "மல்லிகைப்பூ வாசம். மூக்கில் ஏறினால் பலமெல்லாம் போய்விடும்."

ராம்கி அழுகையோடு சிரித்துவிட்டான். பாண்டிமீனாவும் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவை.

"அது எனக்குண்ணே" என்றாள். "எனக்குத்தான் மல்லி ஆகாது. வாசம் பட்டா தலவலி மண்டையப் பொளக்கும். கல்யாணமான புதுசுல வாசல்லயே நிறுத்தி, குளிச்சிட்டு உள்ள வாங்கன்னு வெரட்டுவேன். பூக்கடைக்காரனுக்கு வாக்கப்பட்டவளப் பாருன்னு ஊரே சிரிக்கும். என்னோடதத் தூக்கித் தன் ஆளுக்கு வச்சிருக்காரு பாருங்க."

சிரிப்பு முடிந்ததும் எழுந்துவிட்டாள். பகடைகளை ராம்கியிடம் கொடுத்தாள், தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்தாள். "போயிட்டு வாரேன்" என்று ரோகிணியின் கையைப் பிடித்துவிட்டுப் படியிறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் நடுப்படியைத் தாண்டுவதற்குள் நான் எழுந்து ஓடினேன்.

"தங்கச்சி, நில்லும்மா."

நடுப்படியில் நின்றாள். அவன் நிற்கிற இடம். சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"அவரு கையெழுத்து" என்றாள். "இந்தச் செவப்பு?"

"நாந்தாம்மா. கதைக்கு எழுதியிருக்கான்னு நெனச்சேன். மல்லிகைப் பூ அதுக்கு அப்புறம் எழுதுனது. மேல பொய் சொல்லிட்டேன்."

"எப்ப எழுதுனாரு?"

"தை மாசம்."

"தையில." விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு முந்தி உங்ககிட்டதான் சொல்லியிருக்காரு." சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "எங்கிட்டச் சித்திரையிலதான் சொன்னாரு. மீனா, எடது கை ஒரு மாதிரி இழுக்குது, நெஞ்ச அடைக்குதுன்னாரு. நான் தோச ஊத்திக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. கண்ட முறுக்கையும் போண்டாவையும் தின்னா வாயு புடிக்காம என்ன செய்யும், ஓமத்தக் கொதிக்க வச்சுத் தர்றேன், குடிங்கன்னேன். குடிச்சாரு. அதுக்குப் பெறகு சொல்லவே இல்ல."

இரண்டு படி மேலே நானும் உட்கார்ந்தேன். "அப்புறம் எதுக்கும்மா மேல வந்து எங்கள அப்படிக் கேட்ட?"

"வேற யார்கிட்டயாச்சும் சொல்லியிருந்து, அவங்களும் சும்மா விட்டிருந்தாங்கன்னா, எனக்குக் கொஞ்சம் பாரம் கொறையும்னு நெனச்சேன். நீங்க இல்லேன்னுட்டீங்க. சரி, நான் ஒருத்திதான்னு நெனச்சுக்கிட்டு எறங்குனேன்."

"மன்னிச்சிரும்மா."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "நான் பன்னண்டாவது பெயிலுண்ணே. எனக்கு வாயுதான் தெரியும். நீங்க படிச்சவுக. நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கு, ரத்தம் எப்படி ஓடுதுன்னு பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுறவுக. மூணு மார்க்கு போட்டிருக்கீங்க."

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதயம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

வெளியே ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு நான், கேட்கக் கூடாததைக் கேட்டேன். "இப்பக் கொறஞ்சிருக்காம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"கொறையலண்ணே" என்றாள்.

சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். எடுத்துப் போவாள் என்று நினைத்தேன். அவனுடைய கையெழுத்து ஆயிற்றே. என் கையில் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க. என்னோடது எங்கிட்ட இருக்கு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சப் படியை இறங்கிப் போனாள். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மேலேயிருந்து ராம்கி, "அண்ணே, அக்கா போயிட்டாங்களா?" என்று கேட்டான். வாரேன் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏறிப் போனேன். மேசையில் டப்பா திறந்தபடியே இருந்தது. ஹீரோவின் கதை முடிந்தால் சீட்டை எல்லோர் முன்னாலும் வாசித்தாக வேண்டும், அது நாங்கள் வைத்த முறை. ராம்கியையும் ரோகிணியையும் உட்காரச் சொன்னேன். முதலில் தங்கப்பாண்டி எழுதியதை வாசித்தேன். பிறகு அதன் கீழே நான் எழுதியதையும் வாசித்தேன்.